கரம் கபாட்டில் மூன்று டப்பாக்கள்

இப்போது பூனாவை ஒட்டிய ஔந்திலும் சிஞ்ச்வட்டிலும் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு, மழைக்காலத்தில் ஏசியைப் போட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, பூஞ்சை நினைவிருக்கிறதா? ஜூன் பிறந்துவிட்டால் பூனா கன்டோன்மென்ட்டில், அதாவது கேம்ப்பில், நம் வீட்டு ஷூக்களுக்குள் பச்சை படரும். அப்பளம் தொய்ந்துபோகும். பள்ளிச் சான்றிதழில் கறுப்புப் புள்ளி விழும். என் பெண்ணிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறாள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட ஆரம்பித்துவிட்ட உங்களுக்காவது நான் சொல்வது புரியும்.

எங்கள் கட்டடத்து நான்கு குடித்தனங்களுக்கும் அந்தக் கவலை கிடையாது. எங்களிடம் கரம் கபாட் இருந்தது.

கீழ்வீட்டில் ஆர்கன் டீச்சர் தனியாக இருந்தார். அவருடைய உள்ளறைச் சுவரில் பதித்த மர அலமாரி அது. மராத்தியில் அலமாரிக்குக் கபாட். அதற்கு முன்னால் சூடு என்ற பொருளில் ‘கரம்’ என்று இந்தியை ஒட்ட வைத்தது யாரென்று தெரியாது, எங்கள் கட்டடத்துப் பேச்சு அப்படித்தான். அலமாரியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி அடுப்பு. வருஷம் முழுக்க அந்தச் சுவர் குளிர்ந்ததே இல்லை. மழை தொடங்கும் முன்பே எல்லோரும் தங்கள் பொருளைக் கொண்டுவந்து டீச்சரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அப்பாவின் தோல் ஷூ, என் ஞானஸ்நானச் சான்றிதழ், நாங்கள் காக்கூ என்று கூப்பிட்ட எதிர்வீட்டு மராத்தி அம்மாளின் கல்யாண ஆல்பம், எல்லாம் அங்கேதான் மழைக்காலம் கழிக்கும். கெட்டுப்போகக் கூடாதது எதுவானாலும் கரம் கபாட்டுக்குப் போய்விடும். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று எட்டுப் பத்து பெரியவர்கள் நம்பினார்கள். நான் நம்பியதில் என்ன தப்பு?

நான் சொல்லப்போவது எனக்குப் பத்து வயதான அந்த ஒரு மே மாதத்தைப் பற்றி.

அதற்கு முன்னால் அப்பாவின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சினிமாச் சுருள்களைச் சேர்த்து வைக்கும் அரசாங்கக் கிடங்கில் அப்பா பரிசோதகராக இருந்தார். அந்தக் காலத்துச் சுருள்களுக்கு ஒரு குணம் உண்டு. பஞ்சையும் அமிலத்தையும் கொண்டு செய்தவை. பழசாக ஆக உள்ளுக்குள்ளேயே அழுகும். அழுகினால் சட்டென்று பற்றிக்கொள்ளும். அப்பா டப்பா டப்பாவாகத் திறந்து, முகர்ந்து, எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று பிரிப்பார். முகர்ந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். இது கேம்ப் முழுக்கப் பிரசித்தம். காக்கூ நெய் வாங்கினால் முதலில் அப்பா மூக்குக்குத்தான் காட்டுவாள். சர்ச்சில் அசன விருந்துக்குக் கறி வாங்குகிறவர்கள்கூட அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைசி ஒன்றரை வருஷமாக மட்டும் அப்பா, “சளி பிடிச்சிருக்கு, வேற யார்ட்டயாவது காட்டுங்க” என்று நழுவிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க ஒரு மனுஷனுக்குச் சளி பிடிக்குமா என்று யாருமே கேட்கவில்லை.

ஒருமுறை தீயணைப்புக்காரர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள் என்று என்னையும் கிடங்குக்கு அழைத்துப் போயிருந்தார். வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. தீப்பெட்டி, லைட்டர், பீடி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். அதிகாரிக்கும் அதே சட்டம். திறந்தவெளியில் தகரத் தட்டில் விரல் நீளச் சுருள் ஒன்றை வைத்துக் கொளுத்தினார்கள். உஸ்ஸென்று மஞ்சளாக எழுந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் முக்கினார்கள். தண்ணீருக்குள்ளும் அது எரிந்தது. 

“தீக்கு வேணும்ங்கற காத்து அதுக்குள்ளயே இருக்கு பிள்ள. தண்ணி ஊத்தினாலும் மண்ணு அள்ளிப் போட்டாலும் அணையாது. பத்த விடாம பாத்துக்கிடணும், அவ்வளவுதான்” என்றார் அப்பா.

இவ்வளவும் தெரிந்த பெண்தான் நான். இனி நடந்ததைக் கேளுங்கள்.

மே முதல் வாரம் அம்மா தளேகாவ் போனாள். சித்திக்குப் பிரசவம். லோக்கல் ரயிலில் ஏறுவதற்கு முன், “அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடு, மத்தியானம் டீச்சர் வீட்ல போயி பிராக்டிஸ் பண்ணு, வெயில்ல சுத்தாத” என்று மூன்று கட்டளை இட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சருக்கு அப்போது அறுபது நெருங்கியிருக்கும். ஞாயிறு தோறும் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். வெள்ளைச் சேலை, கறுப்புப் பூட்ஸ். தப்பு ஸ்வரம் வாசித்தால் பென்சிலால் விரல் முட்டியில் தட்டுவார். வலிக்கும். அவரிடம் எனக்குப் பயம் அதிகம், பாசமும் அதிகம்.

அன்று கரம் கபாட் மேல்தட்டிலிருந்து பழைய பாட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். ஸ்டூலில் ஏறி எடுத்தேன். ஆல்பங்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, மூன்று வட்டத் தகர டப்பாக்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

“டீச்சர், இது சினிமா டப்பால்ல?”

டீச்சர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருடைய அப்பா ஒரு படக்கம்பெனியில் கேமராக்காரருக்கு உதவியாளாக இருந்தாராம். படப்பிடிப்பில் மிச்சமாகும் துண்டுச் சுருள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாரைப் படம் பிடிப்பாராம். டீச்சருக்கு ஒரு தம்பி. ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கென்று ஒரு போட்டோ கிடையாது. இந்த டப்பாக்களில்தான் இருந்தான்.

முதல் டப்பாவைத் திறந்து, சுருளின் நுனியை இரண்டு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் பழுப்பேறி, விரலில் லேசாக ஒட்டியது. கட்டம் கட்டமாக ஒரே பையன். தகரப் புனலைத் தொப்பியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த கட்டத்திலும் நிற்கிறான். பத்துக் கட்டம் தள்ளிப் பார்த்தால் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

“சிரிக்கப் போறான்” என்றார் டீச்சர். “ஒரே ஒரு தடவை கம்பெனியில திரையில போட்டுக் காட்டினாங்க. அப்போ எனக்கு உன் வயசுதான். அதுக்கப்புறம் இப்படி ஜன்னல்ல பார்க்கிறதோட சரி.”

“அப்பாட்ட சொன்னா பாக்க வச்சிருவாங்க டீச்சர்.”

“வேணாம். கவர்மெண்ட் கைக்குப் போனா திரும்பி வராது. கெட்டதுன்னு முத்திரை குத்தி அழிச்சிடுவாங்க. நீ சொல்ல மாட்டேன்னு பைபிள் மேல கை வை பாப்பா.”

நான் கொஞ்சம் தயங்கினேன். தண்ணீருக்குள் எரிந்த துண்டு கண்ணுக்குள்ளேயே இருந்தது. டீச்சர் அதைப் புரிந்துகொண்டு ஒன்று சொன்னார். “உங்கப்பா தினம் ரெண்டு தடவை என் வாசலைத் தாண்டிப் போறார். இது கெட்டுப்போயிருந்தா அந்த மூக்குக்குத் தெரியாதா? அவரே பேசாமப் போறாருன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?”

அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? பைபிள் மேல் கை வைத்தேன்.

அந்த வருஷ வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பேக்கரிக்காரர்கூடத் தன் அடுப்பைத் திட்டிக்கொண்டே பாவ் ரொட்டி சுட்டார். மே நடுவில் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஈரக் காலுறையை நாலு நாள் மூடி வைத்துத் திறந்தால் வருமே, அது. அதற்கு அடியில் மூக்கைக் கடிக்கும் ஒரு காரம். கூடவே இருந்ததால் டீச்சருக்குப் பழகிவிட்டது போலும். எனக்குப் பழகவில்லை. ஆனால் அப்பா காலையில் அந்த வாசலைத் தாண்டி ஸ்கூட்டரை எடுத்தார். மாலையில் அதே வாசலைத் தாண்டிப் படியேறினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நானும் சும்மா இருந்தேன்.

மற்றவர்கள் சும்மா இல்லை. “கசலா வாஸ் யேதோய்?” என்று என்ன நாற்றம் இது எனக் கேட்டுக்கொண்டு காக்கூ படிக்கட்டில் நின்று மூக்கைச் சுளித்தாள். அவர்களே ஒரு பதிலும் கண்டுபிடித்தார்கள். டீச்சருக்கு வயதாகிவிட்டது, குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. சர்ச்சில் பாடகர் குழுப் பெண்கள் பெஞ்சை ஆர்கனிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஒருநாள் தளேகாவிலிருந்து வந்து எட்டிப் பார்த்த அம்மா, என் கையில் ஒரு ஃபினாயில் பாட்டிலைக் கொடுத்து, “டீச்சர்ட்ட குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத, அவுக மனசு கஷ்டப்படும்” என்றாள். இப்போது நினைத்தால் அம்மா மேல் ஆத்திரம் வருகிறது. ஒரு நிமிஷம் உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே! பெரியவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஒருவர்கூட அது எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை.

டீச்சர் அந்தப் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். “நான் நாறுறேன்னு சொல்றாங்க இல்ல?” என்றார். என் டீச்சர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

வாடையை அடைக்கும் யோசனை என்னுடையதுதான். அப்பாவின் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒட்டுப் பிளாஸ்திரியை எடுத்துவந்தேன். டப்பாவின் மூடி விளிம்பைச் சுற்றி இறுக்கி ஒட்டினேன். தம்பி இருக்கும் டப்பாவுக்கு மூன்று சுற்று. இரண்டாவது டப்பாவுக்கு ஒன்றரை. மூன்றாவதுக்கு வரவில்லை, தீர்ந்துவிட்டது. “அது போகட்டும். எங்கப்பா லென்ஸ் சோதிச்சுப் பார்த்த குப்பை. சுவரு, நாயி, அவ்வளவுதான்” என்று டீச்சர் அதை மேல்தட்டில் முன்பக்கமாக வைத்துவிட்டார். மூடி சரியாக உட்காரக்கூட இல்லை.

பிளாஸ்திரி போதாது என்று எனக்குப் பட்டது. டீச்சரிடம் பலிபீடத்து மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு டப்பி நிறைய இருந்தன. ஒன்றை ஏற்றினேன். ஒட்டிய இரண்டு டப்பாக்களையும் டீச்சர் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்ற, நான் விளிம்பெல்லாம் சொட்டுச் சொட்டாக மெழுகு ஊற்றினேன்.

ஆமாம். ஏற்றிய மெழுகுவர்த்தி. என் கையில். சுடர் தகரத்திலிருந்து இரண்டு விரல் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சுருள்தான் உள்ளே இருக்கிறதே, சுடர் வெளியேதானே இருக்கிறது என்று நினைத்தேன். 

வாடை நின்றது. காக்கூ ஃபினாயிலுக்கு நன்றி சொன்னாள். நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஒரு வாரம் அந்தச் சிரிப்பு நீடித்தது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தானாகவே பேச்சை எடுத்தார். கிடங்கில் குளிர்சாதனம் மக்கர் பண்ணுகிறதாம். “நாப்பது டிகிரி தாண்டிட்டா எனக்குச் சோறு இறங்காது. கெட்டுப்போன சுருளுக்கு யாரும் தீ வைக்க வேண்டாம், அந்தச் சூடே போதும். தானா பத்திக்கிடும்.”

“நல்லா இறுக்கி மூடி வச்சா?” என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“அது இன்னும் மோசம் பிள்ள. அது மூச்சு விடணும். விடுற ஆவி வெளிய போவணும். அடைச்சுப் போட்டா அந்த ஆவியே திரும்ப அதைத் தின்னும். சூடும் உள்ளயே ஏறும்.”

சோறு எனக்கும் இறங்கவில்லை. மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போய், அவர் அடுக்களையில் இருந்தபோது கரம் கபாட்டைத் திறந்து தம்பி டப்பாவின் மேல் கை வைத்தேன். சுட்டது. நான் ஊற்றிய மெழுகு இளகி வழிந்து தட்டில் உறைந்திருந்தது. மூடி நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. பக்கத்திலேயே காக்கூவின் கல்யாண ஆல்பம், என் சான்றிதழ், அப்பாவின் ஷூ. கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? பைபிள் ஒரு பக்கம். அதைவிட, அன்று காலையிலும் அப்பா அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருந்தார். அந்த மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும்?

சனிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. மத்தியானம் நான் கீழே பிராக்டிஸ் முடித்துவிட்டு மேலே வந்தேன். கதவைத் தள்ளியதுமே முகத்தில் கேஸ் நாற்றம் அறைந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. குமிழ் திறந்தபடி இருந்தது. அப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்தார். எழுந்தார். லைட்டரைக் கையில் எடுத்தார்.

“அப்பா! வேண்டாம்!”

நான் கத்திய கத்தலில் லைட்டர் கீழே விழுந்தது. ஓடிப்போய்க் குமிழை மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். 

“என்னட்டி? என்ன ஆச்சு?” என்றார் அப்பா. அடுப்பைப் பார்த்தார், வழிந்திருந்த பாலைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு வாசனை தெரியலையாப்பா?”

அப்பா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஒண்ணரை வருஷமாச்சு” என்றார். “கிடங்குல யாருக்கும் தெரியாது. கூட வார ஆளு மூஞ்சியப் பாத்துச் சமாளிக்கேன். அவன் மூஞ்சி சுளிச்சா கெட்டதுன்னு எழுதுவேன். அம்மாட்ட சொல்லிராத பிள்ள.”

இன்னொரு நாளாக இருந்தால் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அன்று எனக்குக் கீழ்வீட்டு வாசல்தான் கண்ணில் நின்றது. தினம் இரண்டு தடவை அந்த வாசலைத் தாண்டிய மூக்கு இதுதான். நானும் டீச்சரும் ஒரு மாதமாக நம்பிக்கொண்டிருந்த அத்தாட்சி இதுதான்.

“அப்பா, கரம் கபாட்டுல மூணு டப்பா இருக்கு” என்றேன்.

அவர் சட்டை போடவில்லை, பனியனோடு இறங்கினார். படியிறங்கிக்கொண்டே கேட்டார், எத்தனை நாளாக, எவ்வளவு வாடை, டப்பா சுடுகிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். டீச்சர் கதவைத் திறந்தவர், அப்பாவையும் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார்.  அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

“டீச்சர், ஃபேன் சுவிட்சு எதையும் தொடாதீங்க. செருப்பு மாட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க” என்றார் அப்பா. கபாட்டைத் திறந்தார். வழிந்திருந்த மெழுகை விரலால் தொட்டார்.

“இது என்ன?”

“மெழுகுப்பா. வாடை வராம இருக்க.”

“எப்படி உருக்கின?”

“ஏத்தித்தான்.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பிறகு, “வெளிய போ. கேட்டுக்கு அந்தாண்ட நில்லு” என்றார்.

பத்து நிமிஷத்தில் கட்டடமே காலியானது. பேக்கரிக்காரரிடம் அடுப்பை அணைக்கச் சொன்னார். “பாய்சாப், பாவ் கச்சா ரஹ் ஜாயேகா!” என்று வேகாத ரொட்டிக்காகக் கத்தியவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே நெருப்பை இழுத்துப் போட்டார். அவர் கடைத் தொலைபேசியிலிருந்தே கிடங்குக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லியாயிற்று. அப்பா காத்திருக்கவில்லை. பேக்கரியின் தண்ணீர் டிரம்மை முற்றத்து நிழலில் உருட்டி நிரப்பினார். பற்றிக்கொண்ட பிறகுதான் தண்ணீர் உதவாது, பற்றும் முன் முக்கிவிட்டால் சூடு இறங்கிவிடும். இரும்பு பட்டுப் பொறி பறக்கக் கூடாது என்று எங்கள் வீட்டு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டார். ஈரச் சாக்கில் சுற்றி, முதல் டப்பாவைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்பிலிருந்து தள்ளிப் பிடித்துத் தூக்கிவந்தார். பத்தடி தூரம். கேட்டுக்கு வெளியே நாங்கள் எல்லோரும் நின்றோம். காக்கூ என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

பிளாஸ்திரியை நனைத்து உரித்தார். மரக்கரண்டியால் மூடியை நெம்பினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்த நாற்றம் கேட் வரைக்கும் வந்தது. காக்கூ டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

டப்பாவுக்குள் சுருள் இல்லை. பழுப்பு நிறத்தில் பொடியும் கட்டியுமாக ஏதோ இருந்தது. அப்பா அதை அப்படியே தண்ணீரில் இறக்கினார். புனல் தொப்பி போட்ட பையன் போய்விட்டான். டீச்சர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது டப்பாவில் சுருள் தேன் மாதிரி நுரைத்து ஒட்டிக் கிடந்தது. அதுவும் தண்ணீருக்குள் போயிற்று.

மூன்றாவது டப்பா தொட்டவுடன் திறந்துகொண்டது. சுருள் கண்ணுக்கு நன்றாக இருந்தது. அப்பா பழக்கத்தில் குனிந்து மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். கண்ணுக்கு நன்றாக இருப்பதில்கூட உள்ளே அழுகல் தொடங்கியிருக்கலாம், சந்தேகம் என்றால் தண்ணீர்தான், அதுதான் சட்டம். நிமிர்ந்து கேட்டைப் பார்த்தார். அவருடைய மூக்கை நம்பிய அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள். டீச்சரைப் பார்த்தார்.

“பிள்ள, இங்க வா” என்றார். “என்ன வாசனைன்னு சொல்லு.”

பத்து வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. அம்மா பிற்பாடு அதற்காக அப்பாவை ஆறு மாதம் மன்னிக்கவில்லை. இன்று நானும் அம்மா பக்கம்தான். ஆனால் அன்று போனேன். குனிந்தேன். முந்தின இரண்டின் நாற்றம் மூக்கு முழுக்க இருந்தது, ஒன்றும் பிரிபடவில்லை. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பேக்கரி வாசலுக்கு ஓடினேன். ஆறிக்கொண்டிருந்த ரொட்டியை மூச்சு நிறைய முகர்ந்தேன். திரும்பி வந்தேன்.

“கற்பூர வாசனை வருதுப்பா. பழைய பொஸ்தகம் மாதிரி. வேற ஒண்ணும் இல்ல.”

“காரம்? காலுறை நாத்தம்?”

“இல்லப்பா.”

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

அப்பா மூடியைத் தளர்வாக வைத்து, அந்த டப்பாவைச் சுவர் நிழலில் இறக்கினார். பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். அதற்குள் தீயணைப்பு வண்டியும் கிடங்கு ஜீப்பும் வந்துவிட்டன.

கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை அப்பா தானாகவே போய் அதிகாரியிடம் தன் மூக்கைப் பற்றிச் சொன்னார். பதிவேடு எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவருக்குச் சளி பிடிக்கவே இல்லை. காக்கூ டீச்சருக்குப் புரணபோளி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஃபினாயில் பற்றி அம்மாவும் பேசவில்லை, டீச்சரும் பேசவில்லை. கரம் கபாட்டின் கதவை டீச்சர் கழற்றிவிட்டார். அந்த ஜூனில் எங்கள் ஷூக்களிலும் பச்சை படர்ந்தது.

நான் அடைத்ததால்தான் போயிற்றா என்று அப்பாவிடம் கேட்டேன். ஒருமுறை அல்ல, பல வருஷம் கேட்டேன். “அது வருஷக்கணக்கா அழுகிக்கிட்டிருந்தது பிள்ள. பத்து நாள்ல ஒண்ணும் ஆயிராது” என்பார். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மூன்று சுற்று ஒட்டியது பொடியாயிற்று, ஒன்றரைச் சுற்று ஒட்டியது நுரைத்தது, பிளாஸ்திரி எட்டாதது பிழைத்தது. இதை என்னால் மறக்க முடியவில்லை.

தீபாவளி கழிந்து, கிடங்கில் அந்த மூன்றாவது டப்பாவைப் புதுச் சுருளில் பிரதி எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்பா, டீச்சர், நான் மூவரும் ஆட்டோவில் போனோம். சின்ன அறை, நாலு நாற்காலி. விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு வெள்ளைச் சுவர் மங்கலாகத் தெரிந்து, தெளிந்து, மறுபடி மங்கியது. ஒரு நாய் கொட்டாவி விட்டது. மறுபடி சுவர். டீச்சர் சொன்னது சரி, லென்ஸ் சோதித்த குப்பை. பிறகு அந்தச் சுவரின் மேல் ஒரு தகரப் புனல் இருந்தது. டீச்சர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். புனல் சும்மா இருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது. தடவித் தேடியது. புனலைப் பிடித்தது. எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டது. திரை வெள்ளையாயிற்று.

“அவன் கை” என்றார் டீச்சர்.

ஆபரேட்டர் கேட்காமலே இன்னொரு தடவை ஓட்டினார். பிறகு இன்னொரு தடவை. முகம் வரவில்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் முகம் அதில் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் டீச்சர் நடுவில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கும் முன் அவர் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களைப் பிரித்துப் பார்த்தார், மூடினார். மெழுகு ஊற்றிய கை அது. அவருக்கும் தெரியும். கேம்ப் வந்து ஆட்டோ நிற்கும் வரை அவர் அதை விடவில்லை.